சாகோஸின் மௌனம்: தீவை இழந்தவர்களின் நாவலும் தோட்டத்தை இழந்த நாமும்

வரலாற்று நாவல் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’தான். அரண்மனை, குதிரை, சதி, சுரங்கப்பாதை ஆகியவை இருந்தால்தான் அது வரலாற்று நாவல் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் வரலாறு அரியணை ஏறியவர்களுக்கு மட்டும் உரியதா? தேங்காய் உரித்தவருக்கும் பால்மரம் சீவியவருக்கும் வரலாறு உண்டு. அதை எழுதி வைக்க அவர்களிடம் அரசவைப் புலவர் இல்லை, கல்வெட்டும் இல்லை. அதனால்தான் அவர்களின் வரலாற்றை அழிப்பது மிக எளிதாகிறது.

அப்படி அழிக்கப்பட்ட ஒரு மக்களின் கதையைச் சொல்லும் நாவலை அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். மொரீசியஸ் நாட்டைச் சேர்ந்த எழுத்தாளரும் பத்திரிகையாளருமான ஷெனாஸ் பட்டேல் 2005-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நாவல் அது. ஜெஃப்ரி ஸக்கர்மேன் மொழிபெயர்ப்பில் 2019-இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதன் தலைப்பைத் தமிழில் ‘சாகோஸின் மௌனம்’ எனலாம். கடல் கடந்த ஒரு தீவின் கதை நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். மலாக்கா மாநிலத் தோட்டங்களில் வேர்விட்ட நமக்கு அக்கதை அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதைப் படிக்கப் படிக்க உணரலாம்.

சாகோஸ் எங்கே இருக்கிறது?

இந்தியப் பெருங்கடலின் நடுவே, இந்தியாவின் தென்முனைக்கும் தெற்கே, சுமார் அறுபது சிறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இவற்றையே சாகோஸ் தீவுக்கூட்டம் என்கிறோம். மொரீசியஸ் நாட்டிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். கூட்டத்திலேயே பெரியது டியேகோ கார்சியா. பெரோஸ் பானோஸ், சாலமன் ஆகியவை மக்கள் வாழ்ந்த மற்ற இடங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் இங்குத் தென்னந்தோட்டங்களைத் தொடங்கினர். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே உழைத்தனர். பிறகு தீவுகள் பிரிட்டிஷார் கைக்கு மாறின. 1830-களில் அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் வந்து சேர்ந்தனர். அவர்களில் தென்னிந்தியர்களும் இருந்தனர். நாளடைவில் இவர்கள் அனைவரும் கலந்து, கிரியோல் மொழி பேசும் ஒரே மக்களாயினர். மொழி மாறினாலும் வேர் மறைவதில்லை என்பது மலாக்காவாசிகளுக்குப் புதிய செய்தியன்று. காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் மலாய் மொழி பேசினாலும் இன்றும் பொங்கல் வைக்கிறார்கள் அல்லவா? அதுபோலத்தான்.

தேங்காய்த் தீவின் வாழ்க்கை

தீவு முழுவதும் கம்பெனியின் சொத்து. வீடு கட்ட இடம் கொடுத்தது கம்பெனி; அரிசி, மாவு, எண்ணெய் அளந்து கொடுத்தது கம்பெனி; கடை கம்பெனியுடையது; கப்பலும் கம்பெனி சொல்லி வருவது. ஆண்கள் தேங்காய் பொறுக்கி உரிப்பார்கள். பெண்கள் ஓட்டை உடைத்துப் பருப்பை எடுப்பார்கள். பருப்பு உலர்ந்து கொப்பரையாகிக் கப்பலேறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை காய் என்று கணக்கு உண்டு. கணக்கு முடிந்தால் அன்றைய வேலையும் முடிந்தது. மிச்ச நேரம் மீன் பிடிக்கவும் கோழி, பன்றி வளர்க்கவும் காய்கறி பயிரிடவும் அவர்களுடையது. சனிக்கிழமை இரவு மேளம் காய்ச்சி செகா ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். பிறந்த குழந்தைக்கு அங்கேயே ஞானஸ்நானம்; இறந்தவருக்கு அங்கேயே கல்லறை.

இதைச் சொர்க்கம் என்று சொல்ல முடியாது. கூலி மிகக் குறைவு, மருத்துவ வசதி குறைவு, படிப்பு அரிது. ஆயினும் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்த மண் அது. பெரட்டு, லயம், மாரியம்மன் கோயில், சுடுகாடு என்று ஒரு வேலிக்குள்ளேயே பிறந்து வளர்ந்து மறைந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்த வாழ்க்கையை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒரு சொல் செய்த வேலை

1960-களில் அமெரிக்கா இந்தியப் பெருங்கடலில் ஓர் இராணுவத் தளம் அமைக்க விரும்பியது. டியேகோ கார்சியா கண்ணில் பட்டது. மொரீசியஸ் விடுதலை பெறுவதற்கு முன்பே, 1965 நவம்பர் 8-ஆம் நாள், பிரிட்டன் சாகோஸை அதிலிருந்து பிரித்து ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி’ என்ற புதிய காலனியை உருவாக்கியது. இதற்காக மொரீசியசுக்கு 30 இலட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது. 1966 டிசம்பரில் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் ஆயிற்று. அதன் பின்னணியில், பிரிட்டன் வாங்கவிருந்த பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் 140 இலட்சம் டாலர் இரகசியமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. மறு ஆண்டு பிரிட்டன் தென்னந்தோட்டங்களையும் விலைக்கு வாங்கிவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு காலனியில் நிரந்தரக் குடிமக்கள் இருந்தால் அவர்களின் உரிமைகளைக் காப்பது ஆளும் நாட்டின் கடமை. ஐக்கிய நாடுகள் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்கு இலண்டன் அதிகாரிகள் கண்ட வழி மிக எளியது. அங்கே நிரந்தரக் குடிமக்கள் யாருமே இல்லை. இருப்பவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று எழுதிவிட்டார்கள். ஓர் உயரதிகாரி 1966-ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் அம்மக்களை டார்ஸான் என்றும், ராபின்சன் குரூசோவின் வேலைக்காரனான ஃபிரைடே என்றும் கிண்டல் செய்து எழுதியிருப்பது பிற்காலத்தில் வெளிவந்தது.

துப்பாக்கிக்கு முன்பே ஒரு சொல் அவர்களை அப்புறப்படுத்திவிட்டது என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் போக வேண்டியவர் என்று பொருள். பாட்டனும் பூட்டனும் அதே மண்ணில் புதைந்திருந்தாலும் அந்தச் சொல் அதைக் கணக்கில் கொள்ளாது.

1967 முதல், சிகிச்சைக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரீசியஸ் போனவர்கள் திரும்ப முடியாமல் தவித்தனர். தீவுக்கு உணவும் மருந்தும் வருவது குறைந்தது. 1971-இல் டியேகோ கார்சியா காலி செய்யப்பட்டது. அதற்கு முன் மக்கள் வளர்த்த நாய்களைப் பிடித்து, கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வாகனப் புகை செலுத்திக் கொன்றனர். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தனர். 1973-இல் பெரோஸ் பானோஸிலிருந்து கடைசி மக்களும் ஏற்றப்பட்டனர். மொத்தம் 1,500 முதல் 2,000 பேர். நோர்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் நெருக்கியடித்துக் கொண்டுவரப்பட்ட இவர்கள், மொரீசியஸிலும் செய்செல்ஸ் தீவிலும் இறக்கிவிடப்பட்டனர். அங்கே தென்னந்தோப்பு இல்லை, வேலை இல்லை, வீடும் இல்லை.

நாவல் சொல்லும் கதை

ஷெனாஸ் பட்டேல் இந்த அரசியலையெல்லாம் நாவலில் பாடம் நடத்துவதில்லை. மூன்று பேரின் வாழ்க்கையைத்தான் சொல்கிறார்.

முதலாமவர் ஷார்லேசியா. கணவரின் சிகிச்சைக்காகக் குடும்பத்துடன் மொரீசியஸ் வருகிறார். திரும்பும் கப்பலைப் பற்றி விசாரிக்கப் போனால், இனி அங்குப் போகக் கப்பலே கிடையாது என்கிறார்கள். அதன்பின் அவர் போர்ட் லூயி துறைமுகத்துக்கு வந்து வந்து கடலைப் பார்த்து நிற்கிறார். இரண்டாமவர் ரேமோண்ட். நிறைமாதக் கர்ப்பிணி. மூட்டை கட்டக்கூட நேரம் தராமல் கப்பலேற்றப்படுகிறார். மூன்றாமவர் அவருடைய மகன் தெசிரே. பயணத்தின் நடுவே கப்பலில் பிறந்தவன். அந்தக் கப்பலின் பெயரே அவனுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்கிறது. வளர்ந்தபின், நான் எந்த ஊர்க்காரன், ஏன் எனக்கு இப்படி ஒரு பெயர் என்று தாயிடம் கேட்கிறான். தாயின் மௌனம் அங்கேதான் உடைகிறது.

இம்மூவரும் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். ஆசிரியர் நேரில் சந்தித்துக் கதை கேட்ட மனிதர்கள். அவர்களின் உண்மைப் பெயர்களையே நாவலிலும் வைத்திருக்கிறார். அரசாங்கத் தாள்களில் பெயரே இல்லாமல் ‘தொழிலாளர்கள்’ என்று குறிக்கப்பட்டவர்களுக்கு இந்த நாவல் பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. என் பார்வையில் இதுவே இந்நாவலின் மிகப் பெரிய சாதனை.

இன்னொரு சிறப்பையும் குறிப்பிட வேண்டும். நாவலில் பெரிய வில்லன் யாரும் இல்லை. கப்பல் அலுவலகத்து எழுத்தர், தீவின் மேலாளர், கப்பலோட்டிகள் எல்லாருமே உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்கள். முடிவெடுத்தவர்களை அம்மக்கள் ஒருநாளும் பார்த்ததே இல்லை. தோட்டத்தை விற்ற முதலாளியின் முகத்தை லயத்து மக்கள் எப்போதாவது பார்த்திருக்கிறார்களா? கிராணிதான் வந்து அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போவார். அதே கதைதான்.

மௌனம் கலைந்த பின்

நிஜ வாழ்க்கையில் ஷார்லேசியா அலெக்சிஸ் துறைமுகத்தில் காத்திருந்ததோடு நிற்கவில்லை. லிசெட் தலாட், ரீட்டா பாங்கூல் முதலிய பெண்களுடன் சேர்ந்து போர்ட் லூயி வீதிகளில் உண்ணாவிரதமும் ஆர்ப்பாட்டமும் நடத்தினார். சாகோஸ் போராட்டத்தைத் தொடங்கி வைத்தவர்கள் பெண்களே என்பது பெருமைக்குரியது. 1982-இல் பிரிட்டன் 40 இலட்சம் பவுண்டு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. பணம் பெற்றபோது பலர் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தாளில் கைநாட்டு வைத்தனர். தாயகம் திரும்பும் உரிமையைக் கைவிடுவதாக அதில் எழுதியிருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ரீட்டாவின் மகன் ஒலிவியே பாங்கூல் தொடுத்த வழக்கில் 2000 நவம்பர் 3-இல் இலண்டன் உயர்நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. பழைய அரசாங்கக் கோப்புகள் வெளிவந்து, ‘நிரந்தரக் குடிமக்கள் இல்லை’ என்பது தெரிந்தே சொன்ன பொய் என்று காட்டியது இதற்குப் பெரிதும் உதவியது. ஆனால் 2004-இல் அரசாணை மூலம் அந்த உரிமை மீண்டும் பறிக்கப்பட்டது. 2008-இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது.

பின்னர் வழக்கு அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றது. 2018 செப்டம்பரில், பெரோஸ் பானோஸில் பிறந்த லிசெபி எலிசே என்ற பெண்மணியின் வாக்குமூலம் அங்கே காணொளியாகக் காட்டப்பட்டது. தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்லி, கிரியோல் மொழியில் நான்கு நிமிடத்துக்கும் குறைவாகவே பேசினார். இருட்டில் கப்பலேற்றப்பட்டதையும் வயிற்றிலிருந்த குழந்தையை இழந்ததையும் சொன்னார். 2019 பிப்ரவரி 25-இல் பதின்மூன்று நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒரே ஒருவர் மறுபக்கமுமாக, சாகோஸ் மீதான ஆட்சியைப் பிரிட்டன் விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று கருத்துரைத்தனர். அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் இதை ஆதரித்து வாக்களித்தன. எதிர்த்தவை ஆறு மட்டுமே. 2025 மே 22-இல், தீவுகளை மொரீசியஸிடம் ஒப்படைத்து டியேகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுக்குத் தன்வசம் வைத்துக்கொள்ளும் உடன்படிக்கையில் பிரிட்டன் கையொப்பமிட்டது. தங்களைக் கேட்காமலேயே மீண்டும் முடிவெடுத்துவிட்டார்கள் என்று சாகோஸ் மக்களில் பலர் அப்போதும் குரல் எழுப்பினர்.

இதற்கிடையே தமிழர்களாகிய நாம் அறிய வேண்டிய ஒன்றும் நடந்தது. 2021 அக்டோபரில் கனடா நோக்கிச் சென்ற படகொன்று தத்தளித்து, அதிலிருந்த 89 இலங்கைத் தமிழர்கள் டியேகோ கார்சியாவில் கரையேற்றப்பட்டனர். கூடாரங்களில் மூன்றாண்டுக்கும் மேலாக அடைபட்டுக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் 2024 டிசம்பரில்தான் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றமும் கூறியது. அந்த மண்ணுக்குரியவர்கள் உள்ளே வர முடியவில்லை. அங்கு வந்து ஒதுங்கியவர்களால் வெளியே போக முடியவில்லை. ஒரே தீவு இரண்டு அகதிக் கூட்டங்களை உருவாக்கியிருக்கிறது.

நாமும் அவர்களும்

நம் நிலையைச் சாகோஸ் மக்களின் நிலையோடு அப்படியே பொருத்திவிடக் கூடாது. நம்மை யாரும் கப்பலேற்றி நாடு கடத்தவில்லை. நாம் இந்நாட்டின் குடிமக்கள். பள்ளி உண்டு, வாக்கு உண்டு, சங்கம் உண்டு. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர் நகரத்தில் முன்னேறியும் இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மறந்து பேசினால் சாகோஸ் மக்களின் துயரத்தைச் சிறுமைப்படுத்தியவர்கள் ஆவோம்.

ஆனால் அந்தச் சொல் நம்மையும் விடவில்லை. 1896-இல் டான் சே யான் என்பவர் மலாக்கா, புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டதை நம் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தத் தொழில் வளர வளரக் காடழித்து, கன்று நட்டு, பால் சீவியவர்களில் பெரும்பங்கினர் நம்மவர். ஆயினும் தோட்டத்தில் நாம் இருந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டியதாயிற்று. மலாயாவிலேயே பிறந்தும் தாள் இல்லாத காரணத்தால் ஆயிரக்கணக்கானோர் அறியாத தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். ஷார்லேசியா துறைமுகத்தில் நின்றதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான்.

பின்னர்ப் பால்மரம் செம்பனையானது. செம்பனை வீடமைப்புப் பகுதியும் தொழிற்பேட்டையும் ஆனது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் லயம் இருந்த இடத்தை இன்று கைகாட்டிச் சொல்லப் பெரியவர்கள் யாராவது உடன் வர வேண்டும். டைமண்ட் ஜூப்லி தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஜாசின் லாலாங் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று நம் பள்ளிகள் சில இன்னும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. ஒருவகையில் அவையும் கப்பலின் பெயரைச் சுமந்த தெசிரேயைப் போன்றவைதான். பெயரைக் கேட்டால் ஒரு கதை வர வேண்டும். கதை சொல்ல ஆள் இருக்கும்வரைதான் அது வரும்.

நம் எழுத்தாளர்கள் இப்பணியைச் செய்யாமல் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் சப்பானியர் காலத்தில் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்த தோட்டத் தமிழர்களை மறதியிலிருந்து மீட்டன. அரண்மனை இல்லாத வரலாற்று நாவல் தமிழில் எழுதப்படும் என்பதற்கு அவையே சான்று. ஆனால் தோட்டம் துண்டாடப்பட்ட காலமும், சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் கப்பலேறிய காலமும், மலாக்காவின் ஒவ்வொரு தோட்டமும் காலியான நாளும் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டியவை.

நாம் என்ன செய்யலாம்?

நாவல் எழுதுவது எல்லாராலும் இயலாது. ஆனால் ஷெனாஸ் பட்டேல் முதலில் செய்த வேலை எழுதுவது அன்று, கேட்பது. அதை நம்மில் யாரும் செய்யலாம். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது பாட்டியிடம் நான்கு கேள்விகள் கேட்டு எழுதி வைக்கலாம். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம்? பெரட்டில் பெயர் கூப்பிட்டவர் யார்? தோட்டத்தை விட்டு வந்த நாளில் கையில் என்ன எடுத்து வந்தீர்கள்? எதை விட்டு வந்தீர்கள்? பழைய சம்பளச் சீட்டு, பள்ளிப் பதிவேடு, கோயில் திருவிழா நோட்டீஸ் ஆகியவற்றைக் குப்பையில் போடாமல் படம் எடுத்து வைக்கலாம். முன்னாள் மாணவர்கள் தாங்கள் படித்த தோட்டப் பள்ளியின் பழைய நிழற்படங்களைப் பெயர்க் குறிப்புடன் அப்பள்ளிக்கே கொடுக்கலாம்.

சாகோஸ் மக்களுக்கு நீதிமன்றத்தில் துணை நின்றவை இரண்டு. ஒன்று, அதிகாரிகள் எழுதி மறைத்து வைத்த தாள்கள். மற்றொன்று, எழுதத் தெரியாதவர்கள் மறக்காமல் வைத்திருந்த நினைவுகள். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வயதாகிக் கொண்டிருக்கிறது. அடுத்த விடுமுறைக்குள் நாம் போய்க் கேட்டாக வேண்டும்.